தயாளன் வீட்டு மெஷினும் சிவப்புக் கம்பியும்

எலக்ட்ரிக்கல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் பேசச் சொன்னால், பெரிய பிரேக்டவுன் ஒன்றை எப்படிச் சமாளித்தேன் என்று சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். அப்படி நாலைந்து கதை இருக்கிறது. அதைக் கேட்டு உங்களுக்கு அவ்வளவு பிரயோஜனம் இல்லை. ஃபர்னஸ் நின்றுபோனால் பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள், கேட்க மேலே ஆள் இருக்கும், பார்க்க டிராயிங் இருக்கும். நான் சொல்லப்போவது ஒரு பிளக் மாட்டிய கதை. ஒரு வீட்டில், தனியாக, அரை மணி நேரத்தில் முடித்த வேலை. என் ஆயுசில் அவ்வளவு பயந்த நாள் வேறு கிடையாது.

எழுபதுகளில் நடந்தது. கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் ஒவ்வொரு ஷெட்டாக எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து மெஷின்கள் வந்து இறங்கின. அவற்றைப் பொருத்தி ஓட்டிக் காட்ட ஒரு ஜெர்மன்காரர் குடும்பத்தோடு வந்து ஒன்றரை வருஷம் தங்கியிருந்தார். ஊருக்குத் திரும்பும்போது, அவர் மனைவி கொண்டுவந்திருந்த துணி உலர்த்தும் மெஷினைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக மனமில்லாமல், எங்கள் ஸ்டோர் கீப்பர் தயாளனுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பழைய மெஷின்தான். வெள்ளைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, முன்னால் வட்டமாக ஒரு கதவு, அதற்குப் பளபளவென்று ஒரு கைப்பிடி. உள்ளே ஹீட்டரும் சுற்றுகிற டிரம்மும். ஈரத் துணியைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் சூடாகக் காய்ந்து வரும். மீஞ்சூரில் அப்படி ஒன்றை யாரும் பார்த்தது கிடையாது.

தயாளன் குடியிருந்தது மீஞ்சூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில். அவன் மனைவி பவானிக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வீடு முழுக்கக் கயிறு கட்டித் துணி தொங்கும், ஒன்றும் காயாது. குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஈரப்பசை உள்ள துணி ஒன்றுகூட உடம்பில் படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பவானி ஒவ்வொரு துணியாக அடுப்புக்கு மேல் பிடித்துப் பிடித்து உலர்த்திக்கொண்டிருந்தாள்.

தயாளன் என்னிடம் வந்து சொன்னான்: "மெஷின் சும்மா குந்திக்கினு கெடக்குதுபா. அதோட பிளக்கு நம்ம ஊட்டு ஓட்டைல பூற மாட்டேங்குது. நீ ஒருவாட்டி வந்து மாட்டிக் குடேன்."

எனக்கு அந்த வாரம் ரெண்டாம் ஷிஃப்ட். மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் வேலை. மறுநாள் காலை பத்து மணிக்குப் பொன்னேரியிலிருந்து ரயிலேறி மீஞ்சூர் போனேன். தயாளன் ஜெனரல் ஷிஃப்டுக்குப் போய்விட்டிருந்தான். பவானி இருந்தாள், தூளியில் குழந்தை இருந்தது. கரண்ட் இல்லை. மழையில் எங்கோ கம்பி அறுந்து ஆட்கள் வேலை செய்வதாகவும், நாலு மணிக்குள் வந்துவிடும் என்றும் லைன்மேன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

மெஷினோடு வந்த பிளக் உருண்டையாக, கனமாக இருந்தது. முன்னால் தடித்த முள் ரெண்டுதான். மூணாவது முள் இல்லை. ரெண்டு பக்கமும் பித்தளைத் தகடு மாதிரி ஏதோ ஓடியது. சுவரில் இருந்தது நம்ம ஊர் மூணு ஓட்டை, பதினைந்து ஆம்பியர் பாயின்ட். நான் கையோடு ஒரு மூணு முள் பிளக் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கட்டிங் பிளேயரை எடுத்தேன், பழைய பிளக்கை ஒயரோடு ஒட்ட வெட்டி பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்கிறேன். ஒரு ஸ்குரூவைக் கழற்றியிருந்தால் அந்தப் பிளக் திறந்திருக்கும். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அதுவே எனக்குச் சொல்லியிருக்கும். எதையும் வெட்டுவதற்கு முன்னால் திறந்து பாருங்கள்.

ஒயரைச் சீவினேன். உள்ளே சிவப்பு, கறுப்பு, சாம்பல் என்று மூணு கம்பி. அந்தக் காலத்தில் நமக்குச் சிவப்பு என்றால் கரண்ட், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். பச்சையைக் காணோமே என்று ஒரு நிமிஷம் என் கை நின்றது. பிறகு, சிவப்பும் கறுப்பும் தெரிந்ததுதானே, மிச்சம் இருக்கிற சாம்பல்தான் எர்த்தாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மாட்டினேன். என் கை ஏன் நின்றது என்று யோசிக்கவில்லை. பன்னிரண்டு மணி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதே என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

பிளக்கைச் சுவரில் சொருகி, சுவிட்சை அணைத்தே வைத்தேன். "கரண்ட் வந்ததும் இந்தச் சுவிட்சைப் போட்டுட்டு, மெஷின்ல இந்தக் குமிழத் திருப்பும்மா. ஓட ஆரம்பிச்சிடும்" என்றேன். பவானி ஒரு கூடை நிறைய ஈரத் துணியை மெஷினுக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டாள். மகராசனா இருங்கண்ணா என்றுகூடச் சொன்னாள். ஓட்டிப் பார்க்காத மெஷினை ஒப்படைத்துவிட்டு, வேலை முடிந்ததாக நினைத்து நான் ரயிலேறினேன்.

மூணு மணி இருக்கும். பேனல் ரூமில் டீ குடிக்க உட்கார்ந்தேன். பாக்கெட்டில் அந்தப் பழைய பிளக் தொடையில் குத்தியது. எடுத்துப் பார்த்தேன். நல்ல கெட்டியான சாமானாக இருக்கிறதே என்று ஸ்குரூவைக் கழற்றித் திறந்தேன். வெட்டுப்பட்ட மூணு துண்டுக் கம்பியும் உள்ளேயே இருந்தன. கறுப்பு ஒரு முள்ளில். சாம்பல் இன்னொரு முள்ளில். சிவப்பு, பக்கத்தில் ஓடிய பித்தளைத் தகட்டில்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரிவதற்கு நேரம் ஆகவில்லை, நம்புவதற்குத்தான் நேரம் ஆனது. முள் ரெண்டும் மெஷினை ஓட்டுவதற்கு. பக்கத்துத் தகடு எர்த். அந்த ஊர்க்காரர்கள் பழைய காலத்தில் எர்த்துக்குச் சிவப்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். மெஷினின் இரும்பு உடம்போடு சேர்த்துக் கட்டியிருக்கிற அந்தக் கம்பியை நான் கரண்டில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அதிலும் ஒரு கொடுமை இருந்தது. மெஷினை ஓட்டவேண்டிய ரெண்டு கம்பிக்கும் கரண்ட் போகாது. சுவிட்சைப் போட்டால் அது ஓடாது, சத்தம் வராது, செத்த மாதிரி கிடக்கும். அடியில் ரப்பர் கால் இருப்பதால் ஃபியூஸும் போகாது. ஆனால் உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும். ஓடாத மெஷினை யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? தட்டிப் பார்ப்பார்கள், கதவைத் திறந்து திறந்து மூடுவார்கள். பெயின்ட் அடித்த இடத்தில் ஒன்றும் தெரியாது. கைப்பிடி மட்டும் மொட்டை உலோகம். சிமென்ட் தரை, மழை ஈரம், கையில் கைக்குழந்தை.

கடிகாரத்தைப் பார்த்தேன். மூணு ஐந்து. நாலு மணிக்குத்தான் கரண்ட் வரும், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். எங்கள் ஃபோர்மன் கண்டிப்பான மனுஷர். அவர் ரூமில் போன் இருந்தது. நான் போய் நடந்ததைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே ஏதாவது செய்திருப்பார். ஆனால் வெளிவேலை செய்தது தெரியும், கலர் பார்க்கத் தெரியாதவன் என்ற பேர் வரும், வேலையே போகலாம். ஸ்டோரில் உட்கார்ந்திருந்த தயாளனுக்கும் தெரிந்துபோகும். யாருக்கும் தெரியாமல் நானே போய் மாற்றிவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. ஃபோர்மனிடம் போய், வயிற்று வலி தாங்க முடியவில்லை, கேட் பாஸ் வேண்டும் என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். வேர்த்து ஊற்றியிருந்தது. பொய் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. முதலில் ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குப் போ, அங்கே இருக்கிற கம்பவுண்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் பாஸ் தருகிறேன் என்றார். போனேன். அங்கே இருந்தவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். காலையில் என்ன நாஷ்டா சாப்பிட்டேன் என்று கேட்டார். ஒரு மருந்தைக் கலக்கிக் கொடுத்து, பத்து நிமிஷம் படு, அப்புறமும் வலித்தால் எழுதித் தருகிறேன் என்றார்.

நான் படுத்தேன். இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை, ஆனால் படுத்தேன். சொன்ன பொய்க்குத் தகுந்த மாதிரி நடந்துகொண்டிருந்தேன். ரெக்ஸின் விரித்த பெஞ்சு, தலைக்கு மேல் தகரக் கூரையில் மழைச் சத்தம், எதிர்ச் சுவரில் கடிகாரம். அதன் பெரிய முள் அசைவது கண்ணுக்குத் தெரிந்தது. பவானி கூடையை இழுத்து வைத்துக்கொண்ட சத்தம் காதில் கேட்டது. லைன்மேன்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வேலையை முடித்துவிட்டால் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. எழுந்து ஓடினேன். பின்னால் கம்பவுண்டர் ஏதோ சொன்னது காதில் விழவில்லை.

ஃபோர்மன் ரூமில் போய் அந்தப் பிளக்கை மேஜை மேல் வைத்தேன். நாலே வாக்கியத்தில் சொன்னேன். அவர் திட்டவில்லை. பிளக்கைத் திருப்பி உள்ளே ஒரு தரம் பார்த்தார், போனை எடுத்தார். எங்கள் தொழிற்பேட்டை சப்-ஸ்டேஷன் ஆபரேட்டர் வழியாக மீஞ்சூர்ப் பக்கத்து ஆபரேட்டரைப் பிடிக்க மூணு நாலு நிமிஷம் ஆனது. அந்த ஆள் உரக்கப் பேசியதால் எனக்கும் கேட்டது. மீஞ்சூர் லைனா சார், இப்பதான் போட்டோம், பத்து நிமிஷம் இருக்கும்.



ஃபோர்மன், "லைன எறக்கு" என்றார். மேலே கேட்காமல் இறக்க முடியாது, ஊர் பூராவும் காலையிலிருந்து கரண்ட் இல்லாமல் பேஜாராகிக் கிடக்கிறது என்று அந்த ஆள் இழுத்தான். ஃபோர்மன் குரலை உயர்த்தவில்லை. "ஒரு ஊட்ல மெஷின் பாடில கரண்டு நிக்குது. பச்ச ஒடம்புக்காரி, கைக்கொழந்த. என் பேரச் சொல்றேன், எழுதிக்கோ. எழுதினியா? இப்ப எறக்கு." தன் பேரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அந்தப் பக்கம் போனைக் கீழே வைத்துவிட்டு ஆள் நகர்வது கேட்டது. திரும்பி வந்து, இறக்கிவிட்டேன் என்றான். எங்கள் ஆள் பார்த்துச் சொல்லும்வரை போடாதே என்று சொல்லிவிட்டு ஃபோர்மன் போனை வைத்தார்.

வெளியே லோடு இறக்கிய லாரி ஒன்று நிற்கிறது, தயாளனையும் ஏற்றிக்கொண்டு போ என்றார். நான் வாசலைத் தாண்டும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"வயித்துவலின்னு நீ வந்து நின்னப்போ மணி இன்னா?"

நான் லாரியை நோக்கி ஓடினேன். அவர் அதைத் திரும்பக் கேட்கவே இல்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

லாரியில் தயாளன் எனக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். மெஷினில் ஒரு ஃபால்ட், பாடியில் கரண்ட் வரும், உடனே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவன் அந்த ஜெர்மன்காரரைத் திட்டினான். ரிப்பேர் மெஷினைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான் என்றான். கவரப்பேட்டை, தச்சூர் கூட்டு ரோடு, பொன்னேரி. ரோடெல்லாம் தண்ணீர். ஆரணி ஆற்றுப் பாலத்தில் முன்னால் ஒரு மாட்டு வண்டி போக, லாரி பின்னாலேயே ஊர்ந்தது. தயாளன் என் முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பயத்தில் பிடித்திருக்கிறான் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. லைன் ஏறிய பத்து நிமிஷம், அதை இறக்க வைக்கப் போனில் போன நாலு நிமிஷம் என்று நான் கூட்டிக்கொண்டே வந்தேன். அந்தப் பதினாலு நிமிஷத்தில் ஒரு பெண் எத்தனை தடவை ஒரு கைப்பிடியைத் தொடுவாள்?

தெருமுனையில் இறங்கி ஓடினோம். வீட்டு வாசலில் மூணு நாலு பெண்கள் நின்றிருந்தார்கள். தயாளன் அங்கேயே தடுமாறி நின்றுவிட்டான். நான்தான் முதலில் உள்ளே போனேன்.

பவானி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. வலது கை மடியில், ஈரத் துணி சுற்றி. பக்கத்து வீட்டுக்கார அம்மா குழந்தையை வைத்திருந்தார். குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. மெயினை இறக்கினேன், பிளக்கைப் பிடுங்கினேன், அப்புறம்தான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டிருக்கிறாள். லைட் எரிந்தது, மெஷின் ஓடவில்லை. கதவு சரியாக மூடவில்லையோ என்று கைப்பிடியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஜிவ்வென்று லேசாக ஏதோ ஏறியிருக்கிறது. பிள்ளை பெற்ற உடம்புக்குத் தரைக் குளிர் ஆகாது என்று வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போட்டிருந்தாள், அதனால் அதோடு போயிற்று. ஈரக் கையாக்கும் என்று விட்டுவிட்டாள். பின்கட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் செருப்பை அங்கே விட்டுவிட்டு ஈரக் காலோடு வந்து, குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, இன்னொரு தடவை கைப்பிடியைப் பிடித்திருக்கிறாள்.

"கைய எடுக்க முடியலண்ணா. கத்தணும்னு பாக்கறேன், வாய் வரல. அப்பால கீழ கெடந்தேன்."

லைன் இறங்கியதால் கை விடுபட்டதா, அதற்கு முன்பே விழுந்துவிட்டாளா என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. விழுந்து கண் திறந்தபோது லைட் எரியவில்லை என்று மட்டும் சொன்னாள். எனக்கும் இன்றுவரை தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். நான் பெஞ்சில் படுத்திருந்த நேரத்தில் ஃபோர்மன் போனை எடுத்திருந்தால், அந்த லைன் அன்றைக்கு ஏறியே இருக்காது.

உள்ளங்கையில் கைப்பிடியின் அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. டாக்டர் கட்டுப் போட்டார். விரல் சரியாக மாசக் கணக்கில் ஆகும், முழுசாகச் சரியாகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

அடுத்த மூணு நாள் கம்பெனியில் நான் பெரிய ஆள். மெஷினில் கோளாறு இருப்பதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து, மழையில் ஓடிப்போய்க் காப்பாற்றியவன் என்று தயாளன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். கேன்டீனில் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தான். ஃபோர்மன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். அவர் வாயைத் திறக்கவே மாட்டார் என்று எனக்குப் புரிந்தது. நான் பேசாமல் இருந்தால் விஷயம் அப்படியே அமுங்கிவிடும். அதுதான் பயமாக இருந்தது. பெஞ்சில் படுத்திருந்தபோது பட்ட அதே பயம்.

நாலாம் நாள் காலையில் மீஞ்சூர் போனேன். தயாளன் அன்றைக்கு லீவு. கூடத்தில் ரெண்டு பேரும் இருந்தார்கள். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. நான் உட்காராமலேயே சொன்னேன். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, கம்பியை மாற்றி மாட்டியது நான். அது தெரிந்த பிறகும் வயிற்று வலி என்று பொய் சொல்லிப் படுத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

தயாளன் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டான். பவானி மெஷினைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப மெஷின் நல்ல மெஷின்தானா?"

"நல்ல மெஷின்தாம்மா."

"கொழந்த துணி ஒண்ணும் காயலண்ணா. சரியா மாட்டிக் குடுத்துட்டுப் போங்க."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெஷினின் பின்மூடியைக் கழற்றி, ஒவ்வொரு கம்பியும் எங்கே போய் முடிகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிளக்கில் மாட்டினேன், பிரித்தேன், திரும்ப மாட்டினேன். வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று குழி வரைக்கும் போய்ப் பார்த்தேன். கரண்ட் கொடுத்து, டெஸ்டரைக் கைப்பிடியில் வைத்தேன். எரியவில்லை. சாக்கெட்டில் வைத்து டெஸ்டர் நல்லதுதானா என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கைப்பிடியில் வைத்தேன். எரியவில்லை. கடைசியாகப் புறங்கையால் தொட வேண்டும். எல்லாம் சரி என்று மண்டைக்குத் தெரிகிறது, கை மட்டும் போக மாட்டேன் என்கிறது. ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டேன். ஒன்றும் இல்லை. குமிழைத் திருப்பினேன். டிரம் சுற்ற ஆரம்பித்தது.

வாசலில் நின்றிருந்த தயாளன் உள்ளே வந்தான். கூடையைத் தூக்கி வந்து, மெஷினை நிறுத்தி, அவனே துணிகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு, கதவை மூடி ஓடவிட்டான். என்னோடு அவன் பழையபடி பேச ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பவானி ஒரு தம்ளர் காபி கொண்டுவந்து நீட்டினாள். கட்டுப் போட்ட வலது கையை நெஞ்சோடு வைத்திருந்தாள்.

"எடது கையால குடுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்கண்ணா" என்றாள்.